பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே சீட் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பொங்கல் முடிந்துவிட்டது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வடஆற்காடு முழுவதும் வண்ணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் கிளம்பியிருப்பார்கள். 2024-இல் என் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். 75,000 ரூபாய் கொடுத்தேன். அதில் 25,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகளின் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களை அலைய வைத்ததை மறக்க முடியவில்லை.

குடியாத்தத்தில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, லுங்கி லேபிள், கடைகளுக்கு பில் புத்தகம், இவைதான் என் பிழைப்பு. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊரில் உள்ள அரசுப் பள்ளியில்தான் படித்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. இந்த இரண்டையும் வந்தவரிடம் முதல் நாளே வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டேன். அரசுப் பள்ளி மாணவி என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே வாய் திறக்கவில்லை என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

தன்னைக் கல்வி ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர். மிகவும் மரியாதையாகப் பேசினார். "அண்ணே, அமெரிக்காவில் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் இப்படித்தான். ஏர்லி அட்மிஷன் என்று பெயர். நல்ல பிள்ளைகளை முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். கவுன்சலிங்குக்குக் காத்திருந்தால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்" என்றார். கணினி அறிவியல் பிரிவில் இடம். ஆண்டுக் கட்டணம் 1,40,000 ரூபாய். பிப்ரவரி 29-ஆம் தேதிக்குள் 75,000 ரூபாய் கட்டினால் முதல் ஆண்டில் 20,000 ரூபாய் தள்ளுபடி.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியது. தேர்வுக்கு முந்தைய நாளைக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். என்ன மதிப்பெண் வரும் என்று எவருக்கும் தெரியாத நேரத்தில், வீட்டில் பயம் உச்சத்தில் இருக்கும் நாளில் பணத்தை வாங்கிவிட வேண்டும். மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவளிடம் கேட்காமலேயே முடிவெடுத்தோம். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. 25,000 ரூபாயை அவருடைய கைப்பேசி எண்ணுக்கே அனுப்பச் சொன்னார், முன்பதிவுத் தொகை என்றார். மீதி 50,000 ரூபாயைக் கல்லூரிக்காரர் என்று ஒருவர் வந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டார். சரிபார்க்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் எடுத்துச் சென்றார்.

ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பில் புத்தகம் அச்சடிப்பவன் என்பதால் ரசீதைக் கையில் வாங்கினால் என் கண் முதலில் வரிசை எண்ணுக்குத்தான் போகும். எண் அச்சிடும் கருவியால் போட்டிருந்தால் தாளில் விரல் வைத்தாலே பள்ளம் தெரியும். இந்த ரசீதில் எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். கல்லூரியின் பெயர் ரப்பர் முத்திரை. அடிக்கட்டை இல்லை. கீழே எறும்பு அளவில் ஒரு வரி: "பதிவுக் கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. பாடப்பிரிவு இருப்பைப் பொறுத்தது." வாயால் சொன்னது கணினி அறிவியல். தாளில் இருந்தது 'இருப்பைப் பொறுத்தது.' அன்றே படித்தேன். படித்துவிட்டும் ரசீதை மடித்துப் பீரோவில் வைத்தேன்.

மே 6-ஆம் தேதி முடிவுகள் வந்தன. கணிதம் 91, இயற்பியல் 84, வேதியியல் 88. பொறியியல் கட்-ஆஃப் கணக்கில் கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200. மகளுக்கு 177 வந்தது. எங்கள் வீட்டில் அது திருவிழா. அடுத்த வாரமே ஆலோசகர் தொலைபேசியில் கூப்பிட்டார். "மாற்றுச் சான்றிதழையும் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழையும் உடனே ஒப்படைத்துவிடுங்கள். கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள், போட்டால் இங்கே இடம் ரத்தாகிவிடும்." இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் சொன்னது பொய். அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பதால் வேறு எந்தக் கல்லூரியிலும் யாருடைய இடமும் ரத்தாவதில்லை. பிள்ளைக்கு இன்னொரு வழி இருப்பது எங்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காகச் சொன்ன சொல் அது.

மகளுக்குக் கணிதம் எடுத்த டீச்சர்தான் எங்களைக் காப்பாற்றினார். இனிப்பு கொடுக்கப் போனபோது, "கவுன்சலிங் பதிவு முடித்துவிட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் என்னை வரச் சொன்னார். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அது கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்கு மட்டும்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தரும் கல்விக் கட்டணச் சலுகையும் அப்படித்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால் இரண்டும் இல்லை. சான்றிதழ்களின் படம் கைப்பேசியில் இருந்ததால் ஜூன் முதல் வாரத்தில் எப்படியோ பதிவு செய்து முடித்தோம்.

ஜூலை கடைசியில் பொதுக் கலந்தாய்வு தொடங்கியது. வேலூர் பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் பிரிவில் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்.

அன்று இரவு ரசீதையும் ஒதுக்கீட்டு ஆணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் வந்த இடத்துக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 5,60,000 ரூபாய், விடுதி தனி. அதில் இருபதாயிரம் குறைப்பதைச் சலுகை என்று நம்பியிருக்கிறேன். ஆகஸ்டில் வந்த இடத்துக்குக் கல்விக் கட்டணமே இல்லை. முதலாவது கொடுக்கப்பட்டபோது என் மகளின் மதிப்பெண் என்னவென்று கொடுத்தவர்களுக்கே தெரியாது. இரண்டாவது அவள் எழுதி வாங்கிய 177-க்குக் கிடைத்தது. முதலாவதில் என்ன பிரிவு என்றுகூட உறுதி இல்லை. இரண்டாவதில் கல்லூரியின் குறியீட்டு எண்ணும் பாடப்பிரிவும் அச்சிலேயே இருந்தன. முன்னால் வரும் அழைப்பையும் முறைப்படி வரும் அழைப்பையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது வருவதற்குள் முதலாவதில் நம்மைக் கட்டிப்போட்டுவிடுவதுதான் அவர்கள் தொழில்.

அமெரிக்கக் கதையையும் விசாரித்தேன். வேலூரில் எனக்குப் பழக்கமான ஒரு பேராசிரியர் விளக்கினார். அங்கே முன்கூட்டிய சேர்க்கை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பொதுவாக நவம்பரில் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் பதில். அதில் ஒரு வகையில், இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் கல்லூரி தரும் நிதியுதவி போதவில்லை, படிக்க வைக்க இயலாது என்றால் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள வழி உண்டு. இன்னொரு வகையில் கட்டாயமே கிடையாது. வழக்கமான முறையில் விண்ணப்பித்தவர்களோடு சேர்ந்து எல்லா அழைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து மே 1-ஆம் தேதிக்குள் முடிவைச் சொன்னால் போதும். ஆலோசகர் உதாரணம் காட்டிய ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் இந்த இரண்டாவது வகை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த முறை பாதகமாக இருக்கிறது என்று சொல்லி ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006-இல் இதைக் கைவிடுவதாக அறிவித்திருக்கின்றன. 2011-இல்தான் திரும்பக் கொண்டுவந்தன. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகங்களே யோசித்த விஷயம். அங்கே எவரும் வீடு தேடி வந்து அசல் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

ஆணை கிடைத்தாயிற்று, சேருவதற்குச் சில நாட்கள்தான் இருந்தன. அசல் சான்றிதழ்கள் அந்தக் கல்லூரியில் இருந்தன. நானும் மகளும் போனோம். காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். மகள் அங்கேயே அழுதுவிட்டாள். திரும்பி வரும்போது காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் வரை அவள் பேசவில்லை.

மறுநாள் டீச்சரும் பேராசிரியரும் சொன்னதை வைத்து நானே ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். எந்தக் கல்வி நிறுவனமும் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அதையே சொல்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பு விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ரசீதில் 'திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்துவிட்டால் இந்த விதி இல்லாமல் போய்விடாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் கல்லூரிக்கு அனுப்பினேன். திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்வு நாள் கூட்டத்தில் அதே கடிதத்தை இணைத்து மனு கொடுத்தேன். மனு எண்ணைக் கல்லூரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கடைசி நாளுக்கு முந்தைய நாள் மகள் பாகாயத்தில் சேர்ந்தாள். அக்டோபரில் 49,000 ரூபாய்க்குக் காசோலை வந்தது.

ஆலோசகரின் கைப்பேசிக்குப் போன 25,000 ரூபாயைக் கல்லூரி தங்கள் கணக்கிலேயே காட்டவில்லை. அவரைக் கேட்டால் "அது என் சேவைக் கட்டணம்" என்கிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

கல்லூரிகள் எல்லாம் இப்படி என்று சொல்லவில்லை. தாங்களே நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அது வேறு முறை. பணம் ஒரு பொருட்டில்லை, இந்தக் கல்லூரிதான் வேண்டும் என்று தெரிந்தே முன்பதிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தறியில் உட்கார்ந்தும், ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிற்சாலைக்குப் போயும் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களைப் பற்றித்தான் கவலை. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளி என்றால், அல்லது குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், தேர்வுக்கு முன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். யார் என்ன சொன்னாலும் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். நகல் கேட்டால் நகல் கொடுங்கள். அசலைக் கல்லூரியில் சேரும் அன்றுதான் பையிலிருந்து எடுக்க வேண்டும். பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு மட்டும் கொடுங்கள், தனி ஆளின் எண்ணுக்குக் கொடுக்காதீர்கள்.

நேற்று மாலை பள்ளிகொண்டாவிலிருந்து ஒருவர் தங்கை கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், மகனுக்குக் கல்லூரியில் சீட் முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வரிசை எண் பேனாவால் எழுதியிருந்தது. பத்திரிகை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடன் உட்கார்ந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். இன்று காலை பதிவுத் தபாலில் போயிற்று.