மேக்கிலிருந்து லினக்ஸுக்கு 41,000 படங்கள்: டிஜிகேம் எனக்கு எப்படி உதவியது

கணினியை மாற்றியபோது படங்களைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஹார்ட் டிஸ்கில்தானே இருக்கின்றன, காப்பி செய்தால் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவும் செய்தன. 41,000 படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் படத்தில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது எடுத்தது என்று பல வருடங்களாக உட்கார்ந்து எழுதி வைத்தவை லினக்ஸ் பக்கம் வந்து சேரவில்லை.

அந்தக் குறிப்புகளில் பாதி அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தவை. அப்பாவின் பெட்டியில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து ஒவ்வொன்றாக அம்மாவிடம் காட்டினேன். ஒரு குறிப்பு இப்படி இருக்கும்: “வலது ஓரம் சித்தி. கட்டியிருந்தது பச்சைச் சேலை, படத்தில் தெரியாது.” இப்போது அம்மாவுக்கு அந்தப் பெயர்களில் பல நினைவில் இல்லை. திரும்பக் கேட்டு எழுத வழியில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் மூன்று வாரம் செலவழித்தேன். படங்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் டிஜிகேம் என்ற செயலியைப் பற்றி விரிவாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மேக்கின் ஃபோட்டோஸ் லைப்ரரியை அப்படியே இழுத்துப் புதிய கணினியில் போட்டேன். மேக்கில் ஒரே ஃபைல் போலத் தெரியும் அது, உண்மையில் ஒரு ஃபோல்டர். லினக்ஸில் திறந்தால் உள்ளே ஒரிஜினல்ஸ் என்று ஒன்று, அதற்குள் 0 முதல் 9 வரை, ஏ முதல் எஃப் வரை என 16 ஃபோல்டர்கள். படங்களின் பெயர்கள் எல்லாம் நீண்ட எண்ணெழுத்துக் கோவைகள். ஆல்பம் பெயர், முகத்துக்கான பெயர், நான் எழுதிய குறிப்பு எல்லாம் பக்கத்தில் உள்ள ஒரு டேட்டாபேஸில் இருக்கின்றன. படத்துக்குள் எழுதப்படவில்லை. அது மேக்கின் குறை அல்ல, அதன் அமைப்பு அப்படி. மூலப் படத்தைத் தொடாமல் வைத்திருக்கும் நல்ல எண்ணம்தான் அது. வீடு மாறும்போது மட்டும்தான் சிக்கல்.

நல்லவேளை, பழைய மேக்கை நான் இன்னும் அழித்திருக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள். இன்னொன்று, இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பை அதில் போட்டிருந்தால் முழு அளவுப் படங்கள் ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் மட்டுமே இருக்கக்கூடும். மூலப் படங்களை மேக்கிலேயே இறக்கி வைக்கும் தேர்வுக்கு மாற்றி, எல்லாம் இறங்கி முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஓஎஸ்எக்ஸ்ஃபோட்டோஸ் என்ற இலவசக் கருவியை இயக்கினேன். கமாண்ட் லைனில் வேலை செய்யும். அந்த டேட்டாபேஸைப் படித்து, படங்களை ஆல்பம் பெயரிலான ஃபோல்டர்களில் எடுத்துத் தரும். படத்துக்குள் விவரங்களை எழுதும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியும் கூட இருந்தால் குறிப்பையும் டேகையும் (படத்தைத் தேட ஒட்டி வைக்கும் சிறு பெயர்) படத்துக்குள்ளேயே எழுதிவிடும். முகங்களுக்கு வைத்த பெயர்களையும் டேகாக மாற்றச் சொல்லலாம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறு துணை ஃபைல் ஒன்றை உருவாக்கவும் சொல்லலாம், நான் சொன்னேன். அது துணை ஃபைலுக்கு வைக்கும் பெயரும் டிஜிகேம் தேடும் பெயரும் ஒரே மாதிரி: படத்தின் முழுப் பெயர், அதன் பின்னால் எக்ஸ்எம்பி. இந்தச் சின்னப் பொருத்தம் எனக்கு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியது என்று சொல்லி முடியாது.

சரி, இனி டிஜிகேம். கேடிஇ குழுவினரின் திறந்த மூலச் செயலி, காசு கிடையாது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறக்கும்போதே ஒரு கேள்வி கேட்கிறது: நீங்கள் தரும் விவரங்களைப் படங்களுக்குள் எழுதட்டுமா, இல்லை டேட்டாபேஸில் மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா? பலரும் அவசரத்தில் தாண்டிப் போகும் பக்கம் அது. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்று, படங்களுக்குள் எழுதச் சொன்னேன். அடுத்த முறை நான் கணினியை மாற்றும்போது என் குறிப்புகள் வருமா வராதா என்பதை அந்த ஒரு பதில் தீர்மானிக்கிறது. இந்தச் செயலியை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். ரா ஃபைல்களை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்கள்) மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லி, அவற்றுக்குத் துணை ஃபைலில் எழுதும்படி வைத்திருக்கிறேன்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படத்துக்குள் டேகுகளை எழுதுவதற்கு ஐபிடிசி என்ற பழைய முறையும் எக்ஸ்எம்பி என்ற புதிய முறையும் இருக்கின்றன. ஐபிடிசியில் ஒரு டேகுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர்மெய்யின் மெய்யும், மேலுள்ள புள்ளியும், பக்கத்தில் வரும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட். 21 குறிகளோடு கதை முடிந்தது. நான் வைத்திருந்த “அம்மா வழித் தாத்தா வீட்டுத் திருமணம்” என்ற டேக், வேறொரு படம் பார்க்கும் செயலியில் “அம்மா வழித் தாத்தா வீட்” என்று நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிஜிகேமில் அதே படத்தைத் திறந்தால் டேக் முழுதாக இருந்தது, ஏனென்றால் அது எக்ஸ்எம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எதை முதலில் படிக்க வேண்டும் என்ற வரிசையையும் செட்டிங்ஸில் நாமே மாற்றலாம்.

அடுத்த தலைவலி ஃபோட்டோஸ் லைப்ரரிக்கு வெளியே இருந்த படங்கள். பழைய மேக் டிஸ்கில் சாதாரண ஃபோல்டர்களில் இருந்தவற்றை ஆர்சிங்க் என்ற காப்பி செய்யும் கருவி வழியாக நெட்வொர்க்கில் அனுப்பியிருந்தேன். டிஜிகேமில் இடது பக்கம் பார்த்தால் “தோட்டம்” என்று இரண்டு ஆல்பம். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்றில் பழைய படங்கள், இன்னொன்றில் லினக்ஸுக்கு வந்த பிறகு நான் சேர்த்தவை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் எப்படி இருக்க முடியும் என்று அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் நம் ஓகாரம். யூனிகோடில் “தோ” என்பதைத் தகரத்தோடு ஒரே ஓகாரக் குறி சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறை, பெயர்களைப் பிரித்து வைக்கும் வழக்கம் கொண்டது. என் லினக்ஸ் விசைப்பலகை சேர்த்தே எழுதுகிறது. லினக்ஸ் பைட்டை மட்டும் பார்ப்பதால் அதற்கு இவை இரு வேறு பெயர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில்தான் இது நடக்கும். “மலை” என்ற ஃபோல்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, “கொடி”க்கும் “தோட்ட”த்துக்கும் ஆனது.

இதை டிஜிகேமுக்குள்ளே சரி செய்யப் போகாதீர்கள். செயலியை மூடிவிட்டு, கன்வ்எம்வி என்ற கருவியால் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினேன். அது முதலில் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் காட்டும், உண்மையில் மாற்றுவதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலை வரி வரியாகப் பாருங்கள். அதே பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்தால் முதலில் உள்ளே இருப்பவற்றைக் கையால் ஒன்று சேர்த்துவிட வேண்டும். டிஜிகேமில் படங்களை ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்வது இன்னும் நல்லது. நான் பின்னால் செய்ததால் மறுபடி ஸ்கேன் ஆக ஓர் இரவு போனது.

தேதிக் குழப்பத்தை டிஜிகேம் சுலபமாகத் தீர்த்தது. காப்பி செய்யும்போது ஃபைலின் தேதி மாறினாலும், கேமரா எழுதிய தேதி படத்துக்குள் இருக்கும். அதையே அது எடுத்துக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தத் தேதி இருக்காது, ஆனால் ஃபைல் பெயரில் இருக்கும். நேரம் திருத்தும் கருவியில் ஃபைல் பெயரிலிருந்து எடு என்று சொன்னால் மொத்தமாக எழுதிவிடுகிறது. ஸ்கேன் செய்த படங்களுக்கு அம்மா சொன்ன ஆண்டை நானே கொடுத்தேன்.

முகங்களை அடையாளம் காண்பது முழுக்க நம் கணினியிலேயே நடக்கிறது, படம் எதுவும் வெளியே போவதில்லை. அந்தக் கால ஸ்டுடியோப் படங்களில்கூடச் சித்தியைப் பல இடங்களில் கண்டுபிடித்தது. பெயரும் முகம் இருக்கும் இடமும் எக்ஸ்எம்பியில் பதிவாகின்றன. மேக்கில் வைத்த பெயர்கள் வெறும் டேகாக வந்திருந்ததால், முகத்தோடு அவற்றைப் பொருத்தும் வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அது பொறுமை கேட்கும் வேலை.

குறைகளும் உண்டு. செட்டிங்ஸ் பக்கங்கள் மிக அதிகம், புதியவர் பயந்துவிடுவார். மேக்கின் ஃபோட்டோஸ் தரும் அந்த அமைதியான தோற்றம் இங்கே இல்லை. ஐபோன் எடுக்கும் லைவ் ஃபோட்டோ என்பது ஒரு படம், ஒரு வீடியோ என இரண்டு ஃபைலாகத்தான் இருக்கிறது. ஃபைல் பெயரை வைத்துக் குழுவாக்கினால் ஒன்றாகத் தெரியும். பராமரிப்புப் பகுதியில் டேட்டாபேஸையும் படங்களையும் ஒத்திசைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. எந்தத் திசையில் எழுதப் போகிறது என்பதை இரண்டு முறை படித்துவிட்டு அழுத்துங்கள். திசை மாறினால், படத்தில் இருக்கும் நல்ல குறிப்பின் மேல் டேட்டாபேஸில் இருப்பது ஏறிவிடும். அதற்கு முன்னால் பேக்கப் கட்டாயம்.

படங்களைப் பிறகு வேறு டிஸ்குக்கு மாற்றினால் ஆல்பங்கள் எல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும், பதற வேண்டாம். டிஸ்கின் அடையாள எண்ணை வைத்தே டிஜிகேம் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் பழைய தொகுப்புக்கே புதிய இடத்தைக் காட்ட வேண்டும். புதிய தொகுப்பாகச் சேர்க்கக் கூடாது.

போன வாரம் அந்தப் படத்தைத் தங்கைக்குக் கொடுத்தேன். மெசேஜ் செயலிகள் உள்ளே இருக்கும் குறிப்பை நீக்கிவிடலாம் என்பதால் பென் டிரைவில் போட்டேன். அவளுடைய கணினி வேறு, செயலி வேறு. நான் எதுவும் சொல்லவில்லை. இரவு போன் செய்து கேட்டாள்: “அக்கா, சித்தி கட்டியிருந்தது பச்சைச் சேலையா?”