பிரதேச அரசின் கையில் யூகான் சுரங்கப் பதிவு அலுவலகம்: சேவை எப்படி?

கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகான் பிரதேசத்தில் தங்கமோ செம்போ தேட நினைப்பவர் முதலில் ஏற வேண்டிய படி சுரங்கப் பதிவாளர் அலுவலகத்தினுடையது. ஒயிட்ஹார்ஸ், டாசன், மேயோ, வாட்சன் லேக் என்று நான்கு ஊர்களில் இருக்கிறது. 2003 ஏப்ரல் 1 அன்று இந்த அலுவலகங்கள் கனடா மத்திய அரசிடமிருந்து யூகான் அரசுக்குக் கைமாறின. அரசு நிலம், கனிமம், நீர், காடு எல்லாவற்றின் நிர்வாகமும் கூடவே வந்தது. பக்கத்தில் உள்ள வடமேற்குப் பிரதேசங்களுக்கு இதே உரிமை கிடைக்க 2014 ஆனது. கைமாறியது நிர்வாகமும் கட்டுப்பாடும்தான். நிலத்தின் உரிமை இன்றும் கனடா அரசின் பேரிலேயே இருக்கிறது.

கவுன்டர் சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. எந்த இடம் காலி, எது ஏற்கெனவே எடுக்கப்பட்டது, எது தடைப் பகுதி என்று ஜியோயூகான் இணைய வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். யூகான் புவியியல் ஆய்வகத்தின் அறிக்கைகளும் இலவசம். முடிவெடுக்கும் அதிகாரி இருப்பது அதே பிரதேசத்தில் என்பதால், சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிய ஒட்டாவா வரை கடிதம் போட வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கவுன்டரில் கிடைக்கும் சரக்கு பழையது. கைமாற்றத்தின்போது நிர்வாகம் தடைபடக் கூடாது என்று மத்தியச் சட்டங்களை ஏறக்குறைய அப்படியே யூகான் சட்டமாக்கினார்கள். அதனால் பாறைக் கனிமத்துக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டம், ஆற்றுப்படுகைத் தங்கத்துக்கு 1906ஆம் ஆண்டுச் சட்டம் என்ற அடித்தளம் இன்னும் மாறவில்லை. பாறைக் கனிமத்துக்கு இன்றும் காட்டுக்குள் நடந்துபோய்த்தான் முளை அடித்து இடத்தைப் பிடிக்க வேண்டும்.

முறை இதுதான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முளையில் அடிக்கும் உலோகத் தகடுகளை முன்கூட்டியே அலுவலகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிளெய்ம் (கனிம உரிமை கோரிப் பிடிக்கும் இடம்) அதிகபட்சம் 1500 அடிக்கு 1500 அடி, அதாவது சுமார் 51 ஏக்கர் 65 சென்ட். இரண்டு முளைகள் போதும். ஒவ்வொன்றும் தரைக்கு மேல் குறைந்தது 4 அடி நிற்க வேண்டும், மேல்பகுதியைப் பட்டையாகச் செதுக்கியிருக்க வேண்டும். நிற்கிற மரத்தையே அந்த உயரத்தில் வெட்டிச் செதுக்கினாலும் ஏற்பார்கள். முதல் முளைக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான கோடு தெரியும்படி வழியில் மரங்களில் வெட்டுக்குறி போட வேண்டும். அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் எத்தனை அடி, இடப்பக்கம் எத்தனை அடி என்பதைப் பெயர், தேதியோடு தகட்டில் எழுத வேண்டும்.

பிறகு பதிவு. அலுவலகத்திலிருந்து 10 மைலுக்குள் என்றால் 30 நாள் அவகாசம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 மைலுக்கும் ஒரு நாள் கூடுதல். கட்டணம் கிளெய்முக்கு 10 டாலர். உரிமை நிலைக்க ஆண்டுக்கு 100 டாலர் மதிப்பிலான வேலை செய்து காட்ட வேண்டும், அல்லது அந்த 100 டாலரைக் கட்டிவிட வேண்டும்.

விண்ணப்பம் சிக்கலாவது பெரும்பாலும் திசையில்தான். யூகானில் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம். திசைகாட்டியில் திருத்தம் வைக்காமல் 1500 அடி நடந்தால் இரண்டாவது முளை ஏறக்குறைய 400 அடி தள்ளி நிற்கும். கிளெய்ம் பக்கத்துக்காரர் இடத்தில் ஏறிவிடும், அங்கே முந்தி முளை அடித்தவருக்கே உரிமை. தகட்டில் எழுதியதும் படிவத்தில் எழுதியதும் ஒத்துப்போகாததும் இதே அளவுக்குத் தொல்லை. வலம், இடம் என்பதை முதல் முளையில் நின்று இரண்டாவதைப் பார்த்தபடி கணக்கிட வேண்டும். திரும்பி வரும்போது எழுதுபவர்கள் இதை மாற்றிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சறுக்கல், பூர்வகுடி ஒப்பந்த நிலத்தைக் கவனிக்காமல் விடுவது. யூகானின் 14 பூர்வகுடி அரசுகளில் 11 நில உரிமைக்கான இறுதி ஒப்பந்தம் செய்துள்ளன. அவர்களுடைய அ பிரிவு நிலத்தில் மேல்மண்ணும் கீழே உள்ள கனிமமும் அவர்களுடையவை. ஆ பிரிவில் மேல்மண் மட்டும். அ பிரிவுக்குள் அடித்த முளைக்கு மதிப்பில்லை. ஒப்பந்தம் செய்யாத ராஸ் ரிவர் டெனா மக்கள் வழக்குப் போட்டார்கள். கிளெய்மைப் பதிவதற்கே அவர்களைக் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று 2012 டிசம்பரில் யூகான் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகுதான் அவர்கள் பகுதியில் புதிய கிளெய்முக்குத் தடை வந்தது. சின்ன வேலையானாலும் அரசுக்கு முதல் வகுப்பு அறிவிப்பு (சிறு ஆய்வு வேலைக்கான முன்னறிவிப்பு) கொடுத்துவிட்டே தொடங்க வேண்டும் என்ற விதியும் அதன் விளைவே. கைமாறிய அதிகாரத்தோடு அந்த மண்ணின் மக்களுக்கான கடமையும் கைமாறுகிறது என்பதை நீதிமன்றம் போய்த்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது. இந்தச் சேவையின் ஆகப் பெரிய குறை இது.

எடுக்கும் கனிமத்துக்காக அரசு வாங்கும் ராயல்டி இன்னொரு வருத்தம். ஆற்றுப்படுகைத் தங்கத்தை அவுன்ஸுக்கு 15 டாலர் என்று மதிப்பிட்டு அதில் இரண்டரை சதவீதம் வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால் அவுன்ஸுக்கு 37.5 சென்ட். அதே அவுன்ஸ் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. விகிதத்தை மாற்றும் அதிகாரம் 2003 முதல் யூகான் சட்டமன்றத்திடமே இருக்கிறது.

சுரங்கம் மூடும்போது யார் செலவு செய்வது? ஃபாரோ ஈய-துத்தநாகச் சுரங்கத்தில் சுமார் 7 கோடி டன் கழிவுச்சேறு கிடக்கிறது. அதுபோன்ற பழைய சுரங்கங்களின் சுத்திகரிப்புச் செலவை 2003 ஒப்பந்தத்தில் மத்திய அரசின் தலையிலேயே வைத்தார்கள். பேரம் பேசியவர்களை இதற்காகவே பாராட்ட வேண்டும். பின்னால் திறந்தவற்றுக்கு யூகான் அரசே பொறுப்பு, அங்கேதான் கோட்டை விட்டார்கள். வுல்வரின் சுரங்கத்துக்கு, சுத்திகரிப்புச் செலவுக்கு ஈடாக 35 மில்லியன் டாலருக்கு மேல் பிணைத்தொகை கேட்டிருந்தும், நிறுவனம் நொடித்து 2019இல் நீதிமன்றப் பொறுப்புக்குப் போனபோது கையில் இருந்தது சுமார் 10 மில்லியன். 2024 ஜூன் 24 அன்று ஈகிள் தங்கச் சுரங்கத்தில் சயனைடு ஊற்றித் தங்கம் பிரிக்கும் தாதுக்குவியல் சரிந்தது. சுமார் 40 லட்சம் டன் நகர்ந்தது, அதில் ஏறக்குறைய பாதி தடுப்பைத் தாண்டியது. அந்தப் பள்ளத்தாக்கு நா-சோ நயாக் டன் மக்களின் பாரம்பரிய நிலம். அதே ஆகஸ்டில் யூகான் அரசு நீதிமன்றம் போய்ப் பொறுப்பாளரை நியமிக்க வைத்தது.

தனியாகத் தேடிப் போகும் சிறு ஆய்வாளருக்கு இந்த அலுவலகத்தை நம்பிப் பரிந்துரைக்கலாம். வரைபடத்தில் பூர்வகுடி நிலத்தின் அடுக்கைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தச் சமூகத்தின் நில அலுவலகத்தோடும் பேசிவிட்டு முளையைத் தூக்குங்கள். முதலீட்டாளர்கள் பிணைத்தொகை முழுவதும் கட்டப்பட்டதா என்று சுரங்க உரிமத்தின் கோப்பைக் கேட்டுப் பார்க்கவும்.

கனடாவின் இன்னொரு வடக்குப் பிரதேசமான நுனாவுட் 2024 ஜனவரி 18 அன்று தன் தலைநகர் இக்காலுயிட்டில் இதே கைமாற்றத்துக்குக் கையெழுத்திட்டிருக்கிறது. நாள் குறித்திருப்பது 2027 ஏப்ரல் 1. அங்கே கிளெய்மை இணைய வரைபடத்திலேயே தேர்ந்தெடுக்கும் முறை ஏற்கெனவே வந்துவிட்டதால் முளைச் சிக்கல் கிடையாது. பொறுப்பேற்கிற அன்றே, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் எவ்வளவு பிணைத்தொகை கேட்டது, எவ்வளவு வந்தது, அது பணமா உறுதிப்பத்திரமா என்ற பட்டியலை வெளியிட்டால், யூகானில் 2003இல் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைக்கும்.