படகு ட்ரெய்லரின் ஆட்டத்தை நிறுத்தித் தருவதாகச் சொல்லி 85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். படகு இழுப்பவர்கள் தயவுசெய்து வாசிக்கவும்

85,000 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது அம்மா கட்டிய சீட்டுக்காசு. நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த காலத்துக் கணக்கில், 63 நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த தேயிலைக் கொழுந்து.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற நானும் மச்சானும் சேர்ந்து பழைய 16 அடி ஃபைபர் படகு ஒன்றை நீர்கொழும்பில் வாங்கினோம். 15 குதிரைவலு இன்ஜினும் ட்ரெய்லரும் அதோடு வந்தவை. கெப் வண்டியில் கொளுவி இழுத்து வரும்போது வேகம் 50-ஐத் தாண்டினாலே ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கியது. முதலில் லேசாகத்தான். அப்புறம் கெப்பின் பின்பக்கத்தையே பிடித்து இடதும் வலதுமாக உலுக்கியது. இதோடு மலை ஏறக்கூடாது என்று பாதையோரம் ஒரு கராஜில் நிறுத்தினோம்.

அங்கே இருந்த பாஸ் நல்ல தமிழில் பேசினார். எந்த ஊர் என்று கேட்டார். நோர்வூட் பக்கம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கம்மா பொகவந்தலாவ தம்பி, நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்றார். பிளேன்டீ வந்தது. அம்மா இன்னும் மலைக்குப் போறாங்களா என்றுகூட விசாரித்தார். ட்ரெய்லரைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, "இதுக்கு ஜப்பான் சாமான் ஒண்ணு இருக்கு, போட்டா ஆட்டமே வராது. வேற ஆளுக்குன்னா லட்சத்துக்கு மேல கேப்பேன். நம்ம புள்ள, 85 குடு" என்றார். நம்ம புள்ள என்ற அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். பில் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டேன். காசை எண்ணிக் கொடுத்தேன்.

அன்று ஹட்டன்வரை ஆட்டமே இல்லை. பாஸ் கெட்டிக்காரர் என்று மச்சானிடம் புகழ்ந்துகொண்டே வந்தேன். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது 25, 30-க்கு மேல் யாரால் போக முடியும்? அந்த வேகத்தில் பொதுவாக எந்த ட்ரெய்லரும் ஆடாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை ஃபைபரில் ஒரு வெடிப்பை ஒட்டுவதற்காகப் படகைக் கீழே இறக்கினோம். கினிகத்தேனை தாண்டி இறக்கத்தில் 45-தான் இருக்கும். வால் பிடித்துக்கொண்டது. எதிரே தனியார் பஸ். பயத்தில் நான் பிரேக்கை மிதித்துவிட்டேன், அது இன்னும் மோசமாக்கியது. ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. கெப் நிற்கப் பார்க்கிறது, பின்னால் உள்ள பாரம் தள்ளிக்கொண்டே வருகிறது. பஸ் சாரதி ஒதுங்கிக் கொடுத்ததால் உயிர் தப்பினோம். மண்திட்டில் மோதி மட்கார்ட், லைட் எல்லாம் போனது. மச்சானுக்கு நெற்றியில் காயம்.

அங்கேயே நின்று பாஸுக்குப் போன் எடுத்தேன். "பாதை சரியில்ல தம்பி, ட்ரெய்லர் என்ன செய்யும்" என்றார். மாலையில் எடுத்தபோது, நீ வேகமாகப் போயிருப்பாய் என்றார். ஞாயிறு வேறு யாரோ எடுத்து பாஸ் ஊரில் இல்லை என்றார்கள். நான் அனுப்பிய படங்களுக்கு வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. திங்கள் பஸ் ஏறி நேரில் போனேன். ஊரில் இல்லாத பாஸ் உள்ளேதான் இருந்தார். இரண்டு மணித்தியாலம் வெளியே நிற்க வைத்துவிட்டு, "பில் இருக்கா? எங்க செஞ்ச வேலைன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். பிளேன்டீ கொடுத்த அதே மனிதர்.

நேற்று எங்கள் தோட்டத்தில் லொறி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் வந்து பார்த்தார். கெப்பிலிருந்து கழற்றி ட்ரெய்லரின் மூக்கை, அதாவது கெப்பில் கொளுவும் முன் முனையை, ஒரு கையால் தூக்கினார். "மூக்குல பாரமே இல்லையேப்பா. பின்னுக்குப் பாரம் கூடினா வால் ஆடாம என்ன செய்யும்?" என்றார். கணக்கப்பிள்ளையிடம் கேட்டு மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டு வந்து மூக்கை நிறுத்தோம். 18 கிலோ. படகு, இன்ஜின், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து 520 கிலோ வரும். பத்தில் ஒரு பங்காவது, அதாவது 50 கிலோவுக்கு மேல், மூக்கில் நிற்க வேண்டுமாம். படகின் முன்பக்கம் முட்டி நிற்கும் தூணின் நட்டுகளைக் கழற்றி 8 அங்குலம் முன்னால் தள்ளினோம். இன்ஜின் பக்கம் கிடந்த பெட்ரோல் கேன்களையும் நங்கூரத்தையும் முன்னால் மாற்றினோம். 54 கிலோ ஆனது. இன்று காலை டிக்கோயா பாதையில் நேரான இடம் பார்த்து 55-வரை விட்டுப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. இதற்கு ஐந்து சதம் செலவாகவில்லை.

அந்த ஜப்பான் சாமானையும் கழற்றினோம். முச்சக்கரவண்டியின் பழைய ஷொக் எப்சோபர். மேலே கறுப்பு பெயிண்ட், இரண்டு பக்கமும் வெல்டிங், ஒரு வெல்டிங் ஏற்கனவே விட்டிருந்தது. இதற்குத்தான் 85,000 ரூபாய்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் ஓடவில்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். எந்தச் சாமானையும் வாங்குமுன் மூக்கு பாரத்தை நிறுத்துப் பாருங்கள், கொழுந்துத் தராசே போதும். டயர் காற்றையும் பியரிங்கையும், கொளுவும் உருண்டை லூஸாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். இறக்கத்தில் முதலே கியரைக் குறைத்துவிடுங்கள். சொந்த ஊர்க்காரர் என்றாலும் பில் வாங்குங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977-க்கு முறைப்பாடு செய்யத்தான் போகிறேன், ஆனால் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்த ஷொக் எப்சோபரைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பாஸின் மேசையில் வைக்கப் போகிறேன்.