நைக்கி மெர்குரியல் வேப்பர் 16 அகாடமி: ஓடும் ஸ்ட்ரைக்கருக்குச் சரி, முதுகு கொடுத்து ஆடுபவருக்கு?

நைக்கியின் மெர்குரியல் கால்பந்து பூட் வரிசை பிறந்ததே ஒரு ஸ்ட்ரைக்கருக்காகத்தான். 1998 உலகக் கோப்பையில் பிரேசிலின் ரொனால்டோ காலில் அது முதலில் வந்தது. தோல் பூட்டுகளே வழக்கமாக இருந்த காலத்தில் செயற்கைப் பொருளில், ஏறத்தாழ 200 கிராமில் செய்த பூட். டிஃபெண்டருக்குப் பின்னால் கிடக்கும் இடத்துக்குள் முதல் மூன்று நான்கு எட்டில் புகுந்துவிட வேண்டும், அதற்கு என்னென்ன வேண்டாமோ அதையெல்லாம் கழித்துவிடு என்பதே கணக்கு. இப்போது பிரான்ஸ் ஸ்ட்ரைக்கர் எம்பாப்பே போடும் மெர்குரியல் வரை அந்தக் கணக்கு மாறவில்லை. இந்தப் பூட்டின் நிறையும் குறையும் அதிலிருந்துதான் வருகின்றன.

மெர்குரியல் வரிசையைச் சேர்ந்த வேப்பர் 16இல் எலைட், ப்ரோ, அகாடமி, கிளப் என நான்கு தரங்கள். வார இறுதியில் ஆடுபவர்களும் கல்லூரி, மாவட்ட லீக் ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் வாங்குவது அகாடமி. எலைட்டின் விலை இதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் அகாடமியின் எல்லை புரிந்துவிடும். எலைட்டில் மேல்பகுதி மெல்லிய கிரிப்நிட் பின்னல். பந்து ஈரமாக இருந்தாலும் பிடிப்பு தெரியும். அடியில் ஏர் ஜூம் காற்றுப்பை பாதத்தின் முக்கால் நீளத்துக்கு ஓடுகிறது. அகாடமியில் அந்தக் காற்றுப்பை குதிகாலுக்கு அடியில் மட்டும்.

விளம்பரத்தில் ஏர் ஜூம் என்றவுடன் வேகம் கூடும் என்று நினைத்துவிடுகிறோம். ஸ்ட்ரைக்கர் பாய்ச்சல் எடுப்பது முன்பாதத்தால். அந்த நேரத்தில் குதிகால் தரையைத் தொடுவதே இல்லை. ஆக, அகாடமியின் காற்றுப்பையால் முதல் எட்டு வேகமாகிவிடாது. தலையால் முட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது உதவும், கெட்டித் தரையில் ஆடும்போது குதிகால் வலியைக் கொஞ்சம் தணிக்கும். அதுவும் நல்லதுதான், ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

மேல்பகுதி புதிதில் விறைப்பு. நேராக மேட்சுக்குப் போட்டுக்கொண்டு போனால் சுண்டுவிரல் பக்கமும் குதிகால் விளிம்பும் கொப்புளித்துவிடும். இரண்டு மூன்று பயிற்சிகளில் தலா 20, 30 நிமிடம் போட்டு இளக்கிக்கொள்ள வேண்டும். வெந்நீரில் ஊறவைப்பது தோல் பூட்டுக்குச் செய்த வேலை. இதில் செய்தால் பசைதான் விடும்.

அளவு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேப்பர் குறுகலான பூட். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த கால் முன்பக்கம் அகன்றிருக்கும். அந்தக் கால் இதற்குள் போனால் இரண்டு பக்கமும் பிதுங்கும். அகலம் போதவில்லை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது இன்னும் மோசம். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஆட்டத்துக்குப் போடும் அதே சாக்ஸோடு சுவரில் குதிகாலை ஒட்டி நின்று காகிதத்தில் அளந்து கொள்ளுங்கள். 26.5 செ.மீ. வந்தால் லேபிளில் 27 செ.மீ. என்று போட்ட யூகே 8 போட்டுப் பார்க்கலாம். விரல் நுனிக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். பெருவிரல் அகல இடைவெளி என்பது நடை ஷூவுக்கான கணக்கு.

ஏன் இவ்வளவு கறார்? 2002 உலகக் கோப்பை அரையிறுதியில் துருக்கிக்கு எதிராக ரொனால்டோ போட்ட கோலை நினைத்துக்கொள்ளுங்கள். காலைப் பின்னால் இழுத்து ஓங்க நேரமில்லை. ஓட்டத்திலேயே விரல் நுனியால் குத்திவிட்டார், கோல்கீப்பர் எதிர்பார்க்கவே இல்லை. அந்தக் குத்துக்கு விரல் நுனிக்கும் பூட்டின் மூக்குக்கும் நடுவே அந்த அரை சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்கக்கூடாது. தொளதொளவென்று இருந்தால் கால் உள்ளே முன்னால் வழுக்கும், பந்துக்குப் போகவேண்டிய விசையில் ஒரு பங்கு அங்கேயே செத்துவிடும், சில வாரத்தில் பெருவிரல் நகமும் கறுத்துவிடும்.

அடித்தட்டைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. ஒரே பெயரில் எஃப்ஜி/எம்ஜி (கெட்டித் தரை/பலவகைத் தரை), ஏஜி (செயற்கைப் புல்), டிஎஃப் (டர்ஃப், அடியில் சிறு ரப்பர் முளைகள்) எனப் பல அடித்தட்டுகள் வருகின்றன. அகாடமியில் சாதாரணமாகக் கிடைக்கும் எஃப்ஜி/எம்ஜி இயற்கைப் புல்லுக்குச் சரி. எம்ஜி என்று எழுதியிருந்தாலும், ரப்பர் துகள் போட்ட செயற்கைப் புல்லில் ஸ்டட் (அடியில் இருக்கும் குமிழ்) ஆழமாக மாட்டிக்கொள்ளலாம். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கிச் சட்டென்று திரும்பும்போது உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. அந்த முறுக்கல் முழுவதும் முழங்காலில் இறங்கும். ரொனால்டோவின் ஆட்டவாழ்வை 1999லும் 2000லும் முடக்கிய தசைநாண் கிழிவை இதோடு சேர்க்கக் கூடாது. அவருடைய முழங்கால் தொல்லை நெதர்லாந்து கிளப்பான பி.எஸ்.வி. ஐந்தோவனில் ஆடிய நாட்களிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பிடிப்பு அதிகமானால் முழங்காலுக்குச் சுமை அதிகம் என்பது எல்லோருக்கும் பொது. செயற்கைப் புல்லில் வழக்கமாக ஆடுபவர் ஏஜி வாங்க வேண்டும். அதில் ஸ்டட் குட்டை, எண்ணிக்கை அதிகம். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஐவர் டர்ஃபுக்கு டிஎஃப் போதும், பல இடங்களில் ஸ்டட் பூட்டை உள்ளே விடுவதும் இல்லை. புல்லே இல்லாத செம்மண் மைதானத்துக்கும் டிஎஃப்தான். அங்கே நீள ஸ்டட் தரையில் இறங்காமல் அப்படியே உள்ளங்காலைக் குத்தும்.

இந்தப் பூட் எல்லா ஸ்ட்ரைக்கருக்கும் இல்லை. நடுவில் நின்று நீளப் பந்தை நெஞ்சில் வாங்கி, டிஃபெண்டரைத் தாங்கி, விங்கருக்குத் தள்ளிவிடும் ஆட்டக்காரருக்கு மெல்லிய மேல்பகுதி லாபமில்லை. பின்னாலிருந்து மிதி வாங்குவது அவர்தான், மிதிபட்டால் அப்படியே காலுக்குத் தெரியும். அவருக்கு அதே நிறுவனத்தின் டியம்போ வரிசை பொருத்தம்: அகலம் கூடுதல், மேலே மெத்தென்று இருக்கும். நார்வே ஸ்ட்ரைக்கர் ஹாலண்ட் போடுவதுகூட மெர்குரியல் இல்லை, நைக்கியின் இன்னொரு வரிசையான ஃபான்டம்.

உடைவது பெரும்பாலும் ஒரே இடத்தில். விரல் மடங்கும் பகுதியில் மேல்பகுதிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே பசை விட்டு வாய் பிளக்கும். மொட்டை வெயிலில் காயவைப்பதும், மைதானத்திலிருந்து சிமென்ட் தரையில் பூட்டோடு நடந்து வருவதும் அதற்கு முக்கியக் காரணங்கள். லேஸை அவிழ்க்காமல் மறுகாலால் குதிகாலை மிதித்துக் கழற்றினால் பின்பக்கக் கிண்ணம் மடங்கிப்போகும்; பிறகு எவ்வளவு இறுக்கினாலும் குதிகால் வழுக்கும். ஆடி முடித்ததும் மண்ணைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கமே போக வேண்டாம்.

போலி நிறையப் புழங்குகிறது. நாக்குப் பகுதியின் உள்ளே இருக்கும் சிறு லேபிளில் ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு, ஒரு கோடு, பின்பு மூன்று இலக்க நிற எண் இருக்கும். பெட்டியிலும் அதுவே இருக்க வேண்டும். இரண்டு கால் லேபிளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை இணையத்தில் தேடினால் கையில் இருக்கும் அதே நிறம், அதே அடித்தட்டு வர வேண்டும். வேறு மாடல் வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.