கரியமில வாயு சிலிண்டர்: நிரப்பி வாங்குவதா, மாற்றி வாங்குவதா?

வீட்டில் பீர் காய்ச்சுபவர் பாட்டிலை விட்டுக் கெக்கிற்கு, அதாவது பீரை அழுத்தத்தில் வைத்துக் குழாய் வழியே ஊற்றும் உலோகக் கலனுக்கு, மாறிய சில மாதங்களில், காலியான கரியமில வாயு சிலிண்டரை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி வந்து நிற்கும். பாட்டிலில் அடைக்கும்போது சிறிதளவு சர்க்கரையும் பீரில் எஞ்சியிருக்கும் ஈஸ்டும் சேர்ந்து வேண்டிய நுரையை உண்டாக்கிக்கொள்ளும். கெக்கிலும் அப்படிச் செய்யலாம் என்றாலும், பீரைக் குழாய் வழியே தள்ளுவதற்கு வெளியிலிருந்து வாயு வந்தே ஆக வேண்டும். நிரப்புவதற்கு முன் கெக்கிலிருந்து காற்றை விரட்டுவது, பீரில் வாயுவை ஏற்றுவது, கடைசிக் குவளை வரை தள்ளிக் கொடுப்பது என எல்லாம் சேர்த்து 19 லிட்டர் கெக் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிராம் செலவாகும். வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் 2.27 கிலோ சிலிண்டர், அதாவது 5 பவுண்டு அளவு, எங்கும் கசியாமல் இருந்தால் பத்துக் கெக்குகளுக்குக் குறையாமல் வரும்.

இரண்டு வழிகளைத்தான் இங்கே முதன்மையாக ஒப்பிடுகிறேன். ஒன்று, நம் சொந்தச் சிலிண்டரையே நிரப்பி வாங்குவது. இதைத் தீயணைப்பான் பராமரிப்பு நிலையங்களும், பீர் காய்ச்சும் பொருள்களை விற்கும் சில கடைகளும் செய்கின்றன. மற்றொன்று, காலியைக் கொடுத்துவிட்டு வேறொரு நிறைந்த சிலிண்டரை எடுத்துக்கொள்வது. வெல்டிங் வாயு விற்கும் கிடங்குகளில் இதுவே வழக்கம். என் சிலிண்டரின் சோதனைத் தேதி, அதாவது அடுத்த பாதுகாப்புச் சோதனைக்கான கெடு, முடியும் தறுவாயில் இருந்தபோது நான் இரண்டாவது வழிக்கு மாறினேன். இன்றும் அதிலேயே இருக்கிறேன். எனவே இந்த ஒப்பீட்டில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சில்லறை வழிகளை முதலில் முடித்துவிடலாம். சோடா இயந்திரங்களுக்கான சிறு சிலிண்டரில் 400 கிராமைச் சற்றே தாண்டிய வாயுதான் இருக்கும். இரண்டு கெக்குகளுக்கு மேல் வராது, கிலோக் கணக்கில் பார்த்தால் எல்லாவற்றையும்விட விலை கூடியதும் அதுவே. வெளியூருக்கு ஒரு கெக்கை எடுத்துச் செல்லும்போது மட்டும் அது கைகொடுக்கும். பெயின்ட்பால் விளையாட்டுச் சிலிண்டர்களில் பரவலான அளவு 567 கிராம். அதற்கெனத் தனி இணைப்பி வேண்டும் என்பதோடு, அந்த விளையாட்டுக் களங்களில் பலவும் அழுத்தக் காற்றுக்கு மாறிவிட்டதால் கரியமில வாயு நிரப்பித் தரும் இடங்களும் அங்கே குறைந்துவிட்டன.

சொந்தச் சிலிண்டரை நிரப்பி வாங்குவதில் உள்ள நன்மைகளை மறைப்பதற்கில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய பளபளப்பான அலுமினியச் சிலிண்டர் நம்மிடமே இருக்கும். அதன் வால்வு எப்படித் திரும்பும், வெற்று எடை என்ன என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்கும். உள்ளே இதற்குமுன் என்ன இருந்தது என்ற ஐயமும் எழாது. தீயணைப்பான் நிலையமாக இருந்தால், பெரும்பாலும் காத்திருந்தே வாங்கிவரலாம். ஆனால் அங்கே ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தீயணைப்பான்களில் அடிமட்டம் வரை நீளும் உறிஞ்சு குழாய் ஒன்று உண்டு. தலைகீழாகக் கவிழ்க்காமலே திரவம் பீய்ச்சியடிப்பதற்காக வைக்கப்பட்டது அது. சிலிண்டருக்குள் கரியமில வாயு பெரும்பகுதி திரவமாகவே இருக்கும்; பீருக்கு நமக்கு வேண்டியது அதன் மேலே நிற்கும் ஆவி மட்டுமே. உறிஞ்சு குழாயுள்ள சிலிண்டரை, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் மாட்டினால் திரவம் நேரே உள்ளே பாய்ந்து அதைப் பாழாக்கிவிடும். சோதனைக்காக வால்வைக் கழற்றி மாட்டும்போது, பழக்க தோஷத்தில் குழாயுள்ள வால்வைப் பொருத்திவிடவும் கூடும்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த சோதனைத் தேதிக்கு வருகிறேன். எந்த அழுத்தச் சிலிண்டரையும் குறித்த கால இடைவெளியில் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். கரியமில வாயுச் சிலிண்டருக்கு அமெரிக்காவில் இது 5 ஆண்டுக்கு ஒரு முறை, ஐரோப்பாவில் பொதுவாக 10 ஆண்டுக்கு ஒரு முறை. தேதி கடந்துவிட்டால், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைப் பயன்படுத்திக்கொள்ளலாமே தவிர, மறுபடி நிரப்ப முடியாது. ஒழுங்காகத் தொழில் செய்யும் எந்தக் கடையும் அதைத் தொடாது. சிலிண்டரின் தோள்பகுதியில் விரலால் துடைத்துப் பார்த்தால் இந்த விவரங்கள் உலோகத்திலேயே அடிக்கப்பட்டிருப்பது தெரியும். அமெரிக்கச் சிலிண்டர் என்றால் ‘3ஏஎல் 1800’ என்பது அலுமினியத்தையும், ‘3ஏஏ’ என்று தொடங்குவது எஃகையும் குறிக்கும். 1800 என்பது பி.எஸ்.ஐ. கணக்கில், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவில், அதன் பணியழுத்தம். சற்றுத் தள்ளி மாதமும் ஆண்டும் இருக்கும். மறுசோதனை செய்யப்பட்டிருந்தால், மாதத்துக்கும் ஆண்டுக்கும் நடுவே நான்கு எழுத்துகள் ஒரு சிறு சதுரமாக அடிக்கப்பட்டிருக்கும். அது சோதித்த நிலையத்தின் பதிவு எண். பெயின்ட் அப்பி இந்த எழுத்துகள் மறைந்துபோன சிலிண்டரை வாங்காமல் இருப்பதே நல்லது.

சோதனை என்பது பேருக்கு ஒரு முத்திரை குத்தும் வேலையல்ல. வால்வைக் கழற்றி, சிலிண்டரில் நீர் நிரப்பி, நீர் சூழ்ந்த ஒரு கலத்துக்குள் இறக்கி, பணியழுத்தத்தைப் போல் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்துக்கு ஏற்றுவார்கள். 1800 சிலிண்டருக்கு அது 3000 பி.எஸ்.ஐ., ஏறத்தாழ 207 பார். அந்த அழுத்தத்தில் சிலிண்டர் சற்றே விரியும். அழுத்தத்தை எடுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பாமல் தங்கிவிடும் விரிவு, மொத்த விரிவில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் சிலிண்டர் கழிக்கப்படும். தேறினாலும் உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். கரியமில வாயுவும் நீரும் சேர்ந்தால் உண்டாகும் கார்பானிக் அமிலம் எஃகுச் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும். எந்தச் சிலிண்டரையும் முற்றாகக் காலியாக்கி வால்வைத் திறந்துபோடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

நிரப்பித் தரும் கடைகள் பலவற்றில் இந்தச் சோதனைக்கான வசதி இருக்காது. வேறிடத்துக்கு அனுப்பி வாங்கித் தருவார்கள். அதுவரை கெக் நிற்கும், பீர் காத்திருக்கும். சோதனைக் கட்டணமும் ஒரு நிரப்பலின் கட்டணத்தைத் தாண்டிவிடுவதுண்டு. தேதி நெருங்க நெருங்கச் சொந்தச் சிலிண்டரின் மறுவிற்பனை மதிப்பும் இறங்கும். வாங்க வருபவர் விலையைக் கேட்பதற்கு முன்பே தோளைத்தான் பார்ப்பார். மாற்றுமுறையில் இந்தத் தலைவலி முழுவதும் கிடங்குக்காரருடையது. அவர்களிடம் சிலிண்டர்கள் நூற்றுக்கணக்கில் சுழல்கின்றன; தேதி முடிந்தவை மொத்தமாகச் சோதனைக்குப் போகின்றன; நாம் கொடுக்கும் வாயு விலையிலேயே அந்தச் செலவும் பரவிக் கரைந்துவிடுகிறது. கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதுபோல் தோன்றினாலும், சோதனைக்காக வரும் பெருஞ்செலவும் காத்திருப்பும் இல்லை. தேதி முடிந்த காலியைக்கூடச் சில கிடங்குகள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. சில தனிக் கட்டணம் கேட்கின்றன. சில திருப்பி அனுப்பிவிடுகின்றன. இதைப் போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நம் கைக்கு வரும் சிலிண்டரிலும் ஓரிரு ஆண்டுகளாவது மிச்சமிருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது; அந்தக் கிடங்கு மூடிவிட்டாலோ நாம் வேறிடம் குடிபெயர்ந்தாலோ, கையில் இருப்பது இன்னோரிடத்தில் நிரப்பத் தக்கதாக இருக்க வேண்டும்.

மாற்றுமுறையின் குறைகளும் சாதாரணமானவை அல்ல. புதிய அலுமினியத்தைக் கொடுத்தால், பல முறை கீழே விழுந்து அடிபட்ட கனமான எஃகு பதிலுக்கு வரக்கூடும். அலுமினியத்துக்கு அலுமினியமே தருவதாக ஒப்புக்கொள்ளும் கிடங்கைத் தேடுவது, அல்லது மாற்றுமுறைக்கென்றே பழைய சிலிண்டர் ஒன்றை வாங்கிக்கொள்வது என்று இரண்டே வழிகள்தான் எனக்குத் தெரிகின்றன. பழையதை வாங்கும்போது கழுத்து வளையத்தை மறக்காமல் பார்க்க வேண்டும். பெரிய வாயு நிறுவனங்கள் வாடகைக்கு விடும் சிலிண்டர்களில் அவற்றின் பெயர் அந்த வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் அதை நிரப்ப அமெரிக்க விதியும் இடம் தருவதில்லை. விற்றவரிடம் உரிமையே இருந்திருக்காது, ஆகவே நாமும் காசு கொடுத்து இரும்பைத்தான் வாங்கியிருப்போம்.

அளவில் ஏமாறுவது அடுத்த கவலை. இது இரு வழிகளுக்கும் பொது. ரெகுலேட்டரில் உள்ள உயரழுத்தமானியைப் பார்த்து எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணிக்க முடியாது. சிலிண்டருக்குள் திரவம் ஒரு துளி இருக்கும்வரை, 20 டிகிரி செல்சியஸில் அந்த முள் 57 பார் அருகிலேயே நிற்கும். பாதி நிரம்பியதும் முழுதாக நிரம்பியதும் அதற்கு ஒன்றுதான். முள் இறங்கத் தொடங்கும்போது திரவம் தீர்ந்திருக்கும், ஆவியாக எஞ்சியிருப்பது மட்டுமே அதன்பின் வரும். எடை ஒன்றே நம்பத்தக்கது. தோளில் ‘டி.டபிள்யூ.’ என்ற எழுத்துகளுக்குப் பின் வெற்று எடை பொறிக்கப்பட்டிருக்கும். அது வால்வோடு சேர்த்துத்தான் என்றாலும், வால்வின் மேல் மூடும் தொப்பி இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும். கடையின் தராசிலேயே ஏற்றிப் பார்த்துக் கழித்துச் சொல்லச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பெரிய தாய்ச் சிலிண்டரிலிருந்து பம்ப் இல்லாமல் நிரப்பித் தரும் இடங்களில் இது மிகவும் தேவை. பெறும் சிலிண்டரைக் குளிர்விக்காமல் நிரப்பினால் இரண்டிலும் அழுத்தம் சமமாகி, பாதியிலேயே நின்றுவிடும்.

குறைவதைவிட மிஞ்சுவது ஆபத்து. சிலிண்டர் கொள்ளும் நீரின் எடையில் 68 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயுவை ஏற்றக் கூடாது என்பது அமெரிக்க விதி. 31 டிகிரிக்கு மேல் திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்து, அழுத்தம் வெப்பத்தோடு செங்குத்தாக ஏறும். அது எல்லை மீறினால் கிழிந்து வாயுவை வெளியேற்றத்தான் வால்வில் வெடிப்புத் தகடு வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலேயே பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதற்கு மாற்றிக்கொள்பவர்கள் தராசு இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

தூய்மையைப் பற்றிய விவாதம் எப்போதும் சூடாக நடக்கும். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. பானத் தரம் என்பது 99.9 விழுக்காடு, தொழில் தரம் பொதுவாக 99.5. எண்ணைவிட முக்கியமானது மிச்சத்தில் என்ன இருக்கிறது என்பதுதான்: பானத் தரத்தில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் 100 கோடியில் 20 பங்கைத் தாண்டக் கூடாது. 1990இல் பிரான்ஸின் கனிமநீர் நிறுவனமான பெரியே தன் பாட்டில்களை உலகெங்கிலுமிருந்து திரும்பப் பெற்றது பென்சீனால்தான். ஊற்றோடு வரும் வாயுவைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளை உரிய நேரத்தில் மாற்றாததே காரணமாகச் சொல்லப்பட்டது. வெல்டிங் கிடங்குகள் பலவும் உணவகங்களுக்கும் வாயு கொடுப்பவை என்பதால், பானத் தரச் சிலிண்டர் தனியாக உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நான் கேட்டு வாங்குகிறேன். நாக்கில் வேறுபாடு தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

இடம் தேடும்போது இணைய வரைபடத்தில் பீர் என்று தேடுவதைவிட, வெல்டிங் வாயு, தீயணைப்பான் பராமரிப்பு, உலர்பனி விற்பனை, பான வாயு வழங்குநர் என்று தேடினால் கிடங்குகள் வெளிப்படும். மதுக்கூடத்திலோ சோடா எந்திரம் உள்ள உணவகத்திலோ பின்புறம் நிற்கும் சிலிண்டரின் சீட்டைப் பார்ப்பது இன்னும் நேரான வழி. அந்த வழங்குநர்களிடம் ஒப்பந்தம் போட்டு வாடகைச் சிலிண்டர் எடுப்பவர்களும் உண்டு. மாதந்தோறும் பல கெக் காய்ச்சும் குழுவுக்கு அது பொருந்தலாம், தனியாளுக்கு வாடகை வீண் என்றே எனக்குப் படுகிறது. கணக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுப்போம் என்று சொல்லும் கிடங்குகளும் இருப்பதால், தொலைபேசியில் முதலில் கேட்க வேண்டியது அதுவே. எந்த அளவு, மாற்றா நிரப்பலா, தேதி பார்ப்பீர்களா என்பவை அடுத்து.

முடிந்தால் இரண்டு சிலிண்டர்களை வைத்துக்கொள்வது நல்லது. அம்மோனியா ஆலைகளின் உபபொருளாக வரும் கரியமில வாயுவை ஐரோப்பா பெரிதும் நம்பியிருக்கிறது. 2018 கோடையில் அந்த ஆலைகள் பல ஒரே நேரத்தில் நின்றபோது பீர், குளிர்பானத் தொழில்களே தடுமாறின. அப்படிப்பட்ட நேரத்தில் ஒற்றைச் சிலிண்டர்காரருக்கு முதலிடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மாற்றுமுறையில் ஒவ்வொரு முறையும் வேறு வால்வு வருவதால், ரெகுலேட்டர் இணைப்பில் உள்ள வாஷரையும் அவ்வப்போது மாற்றி, சோப்பு நீர் தடவிப் பார்த்துவிட வேண்டும். 2.27 கிலோ முழுவதும் கசிந்தால் சுமார் 1,200 லிட்டர் வாயு. 30 கன மீட்டர் மூடிய அறையில் அது ஏறத்தாழ 4 விழுக்காடு, உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனம் குறித்திருக்கும் அளவு. காரில் கொண்டுவரும்போது இடம் இன்னும் சிறிது. சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்லாமல் இருப்பதும் கட்டாயம்.