மெட்டாட்ரேடர் 5: ரேண்ட் வர்த்தகம் செய்பவர் பார்வையில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டாலர்-ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) ஜோடி வர்த்தகத்தில் இறங்குகிறவர்களுக்குக் கணக்கு திறந்ததும் புரோக்கர் கொடுப்பது பெரும்பாலும் மெட்டாட்ரேடர் 5 என்ற வர்த்தக மென்பொருள்தான். இலவசம். சார்ட்டுக்கு 21 கால அளவுகளும், விலைப் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் 38 இண்டிகேட்டர்களும் உள்ளேயே இருக்கின்றன. பழைய லேப்டாப்பிலும் திணறுவதில்லை. தொல்லையெல்லாம் அது வரும்போதே இருக்கும் அமைப்புகளில்தான்.

முதல் வேலையாக எஃப் 8 விசையைத் தட்டி, ஆஸ்க் விலைக் (நாம் வாங்கும் விலை) கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சார்ட் வரைவது பிட் விலையை (நாம் விற்கும் விலை). விலை இறங்கும் என்று விற்றிருந்தால், அதன் ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்தத் தானாக வெளியேறும் விலை) அடிபடுவது ஆஸ்க் விலையில். "கேண்டில் (ஒரு கால அளவின் விலையைக் காட்டும் சார்ட் பட்டை) ஸ்டாப்பைத் தொடவே இல்லை, புரோக்கர் ஏமாற்றிவிட்டான்" என்ற புலம்பல் பல நேரம் இங்கிருந்துதான் வருகிறது. ரேண்டின் ஸ்ப்ரெட் (பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளி) யூரோ-டாலரைவிட அகலம். நாள் மாறும் வேளையில் இன்னும் விரியும். விற்கும்போது எதிர்ப்பு நிலைக்கு (விலை ஏறித் திரும்பும் இடம்) மேல் ஸ்டாப் வைத்து, ஸ்ப்ரெட்டையும் அதோடு கூட்டிவிடுங்கள்.

அடுத்தது நேரம். மார்க்கெட் வாட்ச் (விலைப் பட்டியல் சாளரம்) தலைப்பில் ஓடுவது புரோக்கரின் சர்வர் கடிகாரம், நம்முடையது அல்ல. நியூயார்க் மாலை 5 மணிக்கு நாளை முடிக்கும் சர்வரில், தினசரி கேண்டில் நமக்கு நள்ளிரவில் மூடும். அமெரிக்கக் கோடை நேரத்தில், அதாவது மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, இரவு 11 மணிக்கே மூடிவிடும். லண்டன் நேரத்தில் ஓடும் சர்வர் என்றால் ஞாயிறுக்கென்று ஒரு குட்டிக் கேண்டில் முளைக்கும். வாரத்துக்கு ஆறு கேண்டில் ஆனபின் 14 நாள் ஆர்எஸ்ஐ (விலை வேகத்தை அளக்கும் இண்டிகேட்டர்) எப்படி மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகும்?

எம்ஏசிடி (இரண்டு விலைச் சராசரிகளின் வித்தியாசத்தைக் காட்டும் இண்டிகேட்டர்) இன்னொரு குழி. இதில் சிக்னல் கோடு எம்ஏசிடியின் எளிய சராசரி; வேறு பல தளங்களில் அண்மை மதிப்புகளுக்கு அதிக எடை தரும் எக்ஸ்பொனென்ஷியல் சராசரி. பட்டைகளாகத் தெரிவதும் எம்ஏசிடியேதான், எம்ஏசிடிக்கும் சிக்னல் கோட்டுக்கும் இடையிலான வித்தியாசம் அல்ல. அதனால் வேறு தளத்தில் பார்த்த குறுக்குவெட்டு இங்கே முன்பின்னாக வரும். வால்யூம்? அந்நியச் செலாவணியில் அது டிக் (விலை மாறிய தடவைகள்) எண்ணிக்கை மட்டுமே. அதை நம்பி பிரேக்அவுட் (முக்கிய விலை நிலையை உடைத்துப் போவது) உறுதி செய்ய வேண்டாம்.

ஏடிஆர் (விலை சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) மட்டும் இங்கே தங்கம். 0.01 லாட் (வர்த்தக அளவின் அலகு) என்பது 1,000 டாலர்; விலை 10 சென்ட், அதாவது 0.10 ரேண்ட், நகர்ந்தால் 100 ரேண்ட். தினசரி ஏடிஆர் (14) 0.20 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்கு ஸ்டாப் 0.30, அதாவது 300 ரேண்ட். 10,000 ரேண்ட் கணக்கில் அது 3 சதவீதம். ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதம்தான் இழக்கலாம் என்று வைத்திருப்பவருக்கு மிகச் சிறிய லாட்டே பெரிது. ஒரு மணி நேர சார்ட்டுக்கு இறங்கி, ஸ்டாப்பைச் சுருக்க வேண்டும்.

லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) வந்தால்? சாதாரண ஸ்டாப் லாஸ் சர்வரில் இருக்கும், பயமில்லை. விலை லாபப் பக்கம் நகர நகரப் பின்தொடரும் டிரெய்லிங் ஸ்டாப் உங்கள் கணினியில் ஓடுவது. மின்சாரம் போனால் கடைசியாக இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மொபைல் செயலியில் சொந்த இண்டிகேட்டர் எதையும் ஏற்ற முடியாது என்பதால், வர்த்தகத்தைக் கண்காணிக்க மட்டும் போதும்.