ஒன்ட்ரைவ் எக்செலா, கூகுள் ஷீட்ஸா: பேக்கிங் கம்ப்யூட்டர் முடிவு செய்தது

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்டில் மெர்ச்சண்டைசிங் வேலை எனக்கு. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஐந்து செக்‌ஷனும் அன்றன்றைய பீஸ் கணக்கை ஒரே ரிப்போர்ட்டில் ஏற்ற வேண்டும், ராத்திரி எட்டு மணிக்கு அதைப் பார்த்துத்தான் ஷிப்மெண்ட் தேதி நிற்குமா என்று நான் ஆர்டர் கொடுத்த பையருக்குப் பதில் போடுவேன். முன்பு வாட்ஸாப்பில் எக்செல் கோப்பு சுற்றிக்கொண்டிருந்தது. செக்கிங்கில் இருந்து வரும் கோப்பில் முந்தின நாள் கட்டிங் எண் இருக்கும், அதைச் சரிசெய்து அனுப்புவதற்குள் பேக்கிங்காரர் பழைய கோப்பிலேயே தன் கணக்கை ஏற்றி அனுப்பிவிடுவார்.

இதற்கு முடிவு கட்ட எக்செலை ஒன்ட்ரைவில், அதாவது மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பில், போட்டு இரண்டு மாதம் ஓட்டினோம், அப்புறம் கூகுள் ஷீட்ஸுக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் ஷீட்ஸ் பக்கம். அதை மறைத்துக்கொண்டு நடுநிலையாக எழுத உத்தேசமில்லை.

பொதுவானதை முதலில் முடித்துவிடுகிறேன். யார் எந்தக் கட்டத்தில் (செல்) நிற்கிறார் என்று இரண்டிலுமே கலர் கலராகத் தெரியும். கமெண்டில் பேர் சொல்லிக் கூப்பிடலாம், போனிலும் திறக்கலாம். காசு கொடுக்காமல் கூகுளில் 15 ஜிபி, ஒன்ட்ரைவில் 5 ஜிபி, பீஸ் கணக்குக்கு இரண்டுமே தாராளம். ஒரே கட்டத்தில் இரண்டு பேர் தட்டினால் கடைசியாக எண்டர் அடித்தவர் எண் நிற்கும், அதிலும் வித்தியாசமில்லை.

எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர். ஆபீஸில் இரண்டு மெஷினில் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருக்கிறது, அதில் எக்செல் எப்போதும் புதுப் பதிப்பு; பேக்கிங்கில் எப்போதோ ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய எக்செல் 2013. எக்செலில் பல பேர் ஒரே நேரத்தில் எழுதுவதெல்லாம் எல்லோரிடமும் அதைத் தாங்கும் பதிப்பு இருந்தால்தான். பழைய பதிப்பில் ஒருவர் திறந்துவிட்டால் கோப்பு அவருக்கு மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் தையல் சூப்பர்வைசர் போன் செய்கிறார், "சார், ஃபைல் லாக்குன்னு வருது, ஏத்தவே முடியல." போய்ப் பார்த்தால் பேக்கிங் கம்ப்யூட்டரில் கோப்பு திறந்தபடி இருக்கிறது, ஸ்கிரீன் ஆஃப், ஆள் டீ குடிக்கப் போயிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தில் இது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நடந்தது.

பிரவுசரிலேயே எக்செலைத் திறக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னோம். ஆனால் ஒன்ட்ரைவ் ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே இருக்கிறது, டபுள் கிளிக் செய்து பழகிய கை அங்கேதான் போகும்.

பூட்டாவது கண்ணுக்குத் தெரியும். எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார், முன்பு என்ன எண் இருந்தது என்று எக்செலில் ஒரு மாற்றப் பட்டியல் உண்டு, 60 நாள் வரை காட்டும், நல்ல வசதி. பழைய பதிப்பில் இருந்து யாராவது திருத்தினால் அந்தப் பட்டியலே காலியாகிவிடலாம். எங்களுக்கு ஆனது. யார் மாற்றினார் என்று தெரிய வேண்டிய நாளில் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

ஷீட்ஸில் எல்லோருக்கும் பிரவுசர்தான், பழையது புதியது என்ற பேச்சு வராது. போன மாதம் ஒரு ஸ்டைலில் (ஒரு டிசைன் பனியன்) பேக்கிங் 1,840 என்று மதியம் பார்த்த எண் ராத்திரி 1,480 ஆக நின்றது. கட்டத்தில் ரைட் கிளிக் செய்து மாற்ற வரலாற்றைத் திறந்தேன். 6.42க்கு பேக்கிங் சூப்பர்வைசர் பேர், 1840க்கு பதில் 1480. போனில் தட்டும்போது விரல் மாறியிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்தது, யாரும் யாரையும் திட்டவில்லை. அங்கேயும் ஓட்டை உண்டு: வரிசையைச் சேர்த்தது, அழித்தது, ஃபார்முலாவால் மாறிய எண் இதெல்லாம் அந்தக் கட்ட வரலாற்றில் வராது. அதற்கு மொத்தக் கோப்பின் பழைய பதிப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும், கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை.

நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் லிங்க் வைத்திருக்கும் யாரும் திருத்தலாம் என்று திறந்து விட்டோம். மேலே அடையாளம் தெரியாத கேப்பிபாரா, அடையாளம் தெரியாத நரி என்று மிருகக்காட்சிசாலை மாதிரி வந்து நின்றது, வரலாற்றிலும் பேர் விழவில்லை. ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் மெயில் ஐடி போட்டு அனுமதி கொடுத்து, அவரவர் செக்‌ஷன் நெடுவரிசையைத் (column) தவிர மற்றதைப் பூட்டிய பிறகுதான் ஷீட் அடங்கியது. ஃபில்டரும் அப்படித்தான். சாதாரண ஃபில்டர் போட்டால் எல்லோருக்கும் சேர்த்து மறைந்துவிடும், தையல்காரர் தன் லைனை மட்டும் வைத்துவிட்டுப் போக, கட்டிங்காரர் "என் டேட்டாவையே காணோம்" என்று ஓடி வந்தார். ஃபில்டர் வியூ என்று தனியாக இருக்கிறது, அவரவருக்கு மட்டும். புது எக்செலிலும் ஷீட் வியூ என்று இதே வசதி உண்டு.

எக்செல் ஜெயிக்கும் இடம் இல்லாமல் இல்லை. ஒரு பீஸுக்கு என்ன செலவு என்று கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டை நான் ஷீட்ஸுக்கு மாற்றவே இல்லை. அதில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்) ஓடுகிறது, பழைய ஆர்டர் எல்லாம் சேர்த்து லட்சம் வரிசையைத் தாண்டுகிறது, எக்செலில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசை இருப்பதால் கவலையில்லை. ஷீட்ஸில் மொத்தக் கோப்புக்கே 1 கோடி கட்டம் வரை என்று கணக்கு, ஆனால் அதற்கு வெகு முன்பே, முக்கியமாக வேறு கோப்புகளில் இருந்து இழுக்கும் ஃபார்முலா நிறைய போட்டால், சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிடும். காஸ்டிங்கைத் தொடுவது நான் ஒருவன்தான், அங்கே லாக் ஆனால் எனக்கென்ன.

ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்கிறது கூகுள், எங்களிடம் பன்னிரண்டு பேரைத் தாண்டியதில்லை, அதனால் பெரிய டீமுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எல்லா மெஷினிலும் 365 இருக்கும் கம்பெனி என்றால் நான் மேலே புலம்பியதில் பாதி உங்களுக்கு வராது, எக்செலிலேயே இருங்கள். விண்டோஸ் 7 மெஷின் இருந்தால் ஷீட்ஸிலும் கவனம் வேண்டும், அதில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. எங்கள் பேக்கிங் மெஷின் விண்டோஸ் 10, தப்பித்தோம். அந்த எக்செல் 2013ஐ இன்னும் எடுக்கவில்லை, கார்ட்டன் ஸ்டிக்கர் அடிக்க அவருக்கு அதுதான் வேண்டுமாம்.